கிகாஹெர்ட்ஸ் சொல்லாத வேகம்

ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் செயலியையும், 2020 நவம்பரில் அதே நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு புதிர் எழும். இரண்டிலும் இருப்பவை ஒரே வடிவமைப்பில் அமைந்த எட்டு உள்ளகங்கள், அதாவது தனித்தனியே ஆணைகளை நிறைவேற்றும் கணிப்புப் பகுதிகள். இரண்டும் ஒரே வகை மதர்போர்டில் பொருந்துபவை. அறிமுகத்தின்போது அமெரிக்காவில் இரண்டுக்கும் குறிக்கப்பட்ட விலையும் 449 டாலர்தான். வேகத்தின் அடையாளமாகக் கருதப்படும் கிகாஹெர்ட்ஸ் எண்ணோ புதியதில் குறைவு: பழையது உச்சமாக 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது, புதியது 4.5-ஐத் தாண்டாது. அவ்வாறிருந்தும் கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் புதியதே விரைவாக ஓட்டியது. விமானம் ஓட்டிப் பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், தொழிற்சாலைகளைக் கட்டியெழுப்பும் ஃபேக்டோரியோ போன்றவற்றில் அந்த முந்தல் மிகப் பெரிது. முப்பரிமாணப் படங்களைக் கணித்து உருவாக்கும் சோதனைகளில் நிலைமை தலைகீழாயிற்று: அங்கே பழையதே சற்று முன்னால் நின்றது, அதுவும் ஏறத்தாழ இரண்டின் கடிகார வேகத்துக்கும் இடையிலான வேறுபாட்டின் அளவுக்கே. பாகங்களைத் தாமே வாங்கிப் பொருத்தி வீட்டுக் கணினி கட்ட முனைவோர் முதலில் கேட்கும் “எந்தச் செயலி வேகமானது?” என்ற கேள்விக்கு ஒற்றை விடை ஏன் கிடைப்பதில்லை என்பது இந்தப் புதிரை அவிழ்க்கும்போதே விளங்கிவிடும்.

செயலி என்பது பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்னோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் விடும் நுண்ணிய மின்விசைகள், ஒரு சிலிக்கான் சில்லின் மேல் பொறிக்கப்பட்ட அமைப்பு. அவையனைத்தும் ஒத்திசைந்து இயங்குவதற்காகச் சீரான மின்துடிப்பு ஒன்று சில்லு முழுவதும் அனுப்பப்படுகிறது; இதுவே கடிகாரத் துடிப்பு. நொடிக்கு நூறு கோடி துடிப்புகள் என்பது ஒரு கிகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலியின் ஒரு துடிப்புக்குள் வெற்றிடத்தில் ஒளியே 6 சென்டிமீட்டர் தொலைவுதான் செல்ல முடியும் என்பதிலிருந்து இந்தக் கால அளவின் நுண்மையை உணரலாம். ஆயினும் துடிப்பு என்பது வேலை நடப்பதற்கான வாய்ப்பு மட்டுமே. ஒரு துடிப்புக்குள் எத்தனை ஆணைகள் நிறைவேறுகின்றன என்பது வேறு கணக்கு. ஒரு செயலி துடிப்புக்கு நான்கு ஆணைகளை முடிக்கலாம். இன்னொன்று ஒன்றே ஒன்றை முடிக்கலாம். அதே செயலிகூட ஒரு நிரலில் மூன்றும் வேறொரு நிரலில் அரையுமாக முடிக்கலாம். ஒரு வேலை முடிய ஆகும் நேரத்தை அந்த வேலைக்குத் தேவையான ஆணைகளின் எண்ணிக்கை, ஓர் ஆணைக்குச் செலவாகும் துடிப்புகள், ஒரு துடிப்பின் கால அளவு ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கிகாஹெர்ட்ஸ் எண் இவற்றில் மூன்றாவதை மட்டும் சொல்கிறது.

மற்ற இரண்டையும் மறந்தால் என்ன நேரும் என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 நல்ல சான்று. ஓர் ஆணையை நிறைவேற்றுவதென்றால் அதை நினைவகத்திலிருந்து எடுப்பது, அது எதைச் செய்யச் சொல்கிறது என்று பிரித்தறிவது, அதற்கு வேண்டிய எண்களைத் திரட்டுவது, கணக்கிடுவது, விடையை உரிய இடத்தில் பதிவது எனப் பல கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்தை விட்டு ஓர் ஆணை நகர்ந்ததும் அடுத்த ஆணை அந்த இடத்துக்கு வந்துவிடுவதால், ஒரே நேரத்தில் பல ஆணைகள் வெவ்வேறு கட்டங்களில் நகர்ந்துகொண்டிருக்கும். பைப்லைன் எனப்படும் இந்த ஏற்பாட்டில் கட்டங்களை மேலும் மேலும் சிறிதாக நறுக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் நடக்கும் வேலை குறைந்து, துடிப்பை விரைவாக்க முடிகிறது. பென்டியம் 3-இல் 10 கட்டங்கள் இருக்க, 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4-இல் அவை 20 ஆயின. 2004-இல் வந்த பிரெஸ்காட் என்னும் பதிப்பில் 31 ஆயின. கிகாஹெர்ட்ஸ் எண் மளமளவென ஏறியது. ஆனால் நிரல்கள் நேர்கோட்டில் செல்பவையல்ல. “இப்படியிருந்தால் இந்தப் பக்கம், இல்லையேல் அந்தப் பக்கம்” என்று சில ஆணைகளுக்கு ஒருமுறை பிரிபவை. எந்தப் பக்கம் என்பது கணக்கிட்டு முடியும்வரை காத்திராமல், செயலி ஒரு பக்கத்தை ஊகித்து அதன் வழியே ஆணைகளை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். கிளை முன்கணிப்பு எனப்படும் இந்த ஊகம் பெரும்பாலும் பலித்தாலும், தவறும்போது பாதி முடிந்த ஆணைகளையெல்லாம் எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டங்கள் நீள நீள இந்த இழப்பும் நீளும். அதனால்தான் 1.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, சில சோதனைகளில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-இடமே தோற்றது. துடிப்புக்கு அதிக வேலை முடிக்கும் செயலிகளைக் கையில் வைத்திருந்த ஏஎம்டி, கடையில் எண்ணைப் பார்த்து வாங்குவோரிடம் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாமல், 2001-இல் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் அத்லான் எக்ஸ்பி செயலிக்கு “1800+” என்றே பெயரிட்டது. எண்ணை நம்பிய சந்தைக்கு இன்னோர் எண்ணையே விடையாகக் கொடுத்த சாமர்த்தியம் அது.

பென்டியம் 4-ஐ 4 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுசெல்லும் திட்டத்தை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. அந்த வரிசை 3.8-ஓடு நின்றது. காரணம் வெப்பம். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறைவதால், ஒரே பரப்பில் இருமடங்கு டிரான்சிஸ்டர்களை நெருக்கி, அவற்றை விரைவாகவும் ஓட்டி, வெப்பத்தைக் கூடாமல் வைத்திருக்கலாம் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் காட்டியிருந்தனர். முப்பது ஆண்டுகள் பலித்த இந்த விதி இந்தக் கட்டத்தில் முறிந்தது. மிகச் சிறிதாகிவிட்ட டிரான்சிஸ்டர்கள் அடைத்த நிலையிலும் மின்னோட்டத்தைக் கசியவிட்டதால் மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க இயலவில்லை. அதன் விளைவு இன்றுவரை தொடர்கிறது: 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸாக இருந்த மேசைக்கணினிச் செயலியின் உச்சம் 2024-இல் 6.2-ஐத்தான் எட்டியிருக்கிறது. ஆனால் 2006 ஜூலையில் வந்த இன்டெலின் கோர் 2 டியோ, 14 கட்டங்களே கொண்ட குறுகிய பைப்லைனோடு, வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே 3.73 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தைப் பெரும்பாலான சோதனைகளில் விஞ்சியது. வெவ்வேறு வடிவமைப்பில் அமைந்த இரு செயலிகளைக் கிகாஹெர்ட்ஸால் ஒப்பிடுவது பொருளற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரே வடிவமைப்பின் இரு பதிப்புகளை ஒப்பிடும்போது மட்டுமே அந்த எண்ணுக்கு மதிப்புண்டு.

தொடக்கத்தில் சொன்ன இரு ரைசன்களோ ஒரே வடிவமைப்பைச் சேர்ந்தவை. அப்படியிருந்தும் அந்த எண் அங்கும் பொய்த்தது ஏனென்றால், செயலி தன் காலத்தில் கணிசமான பகுதியைக் கணக்கிடுவதில் அல்ல, காத்திருப்பதில் கழிக்கிறது. கணக்குக்கு வேண்டிய தரவுகள் இருப்பது ரேம் எனப்படும் முதன்மை நினைவகத்தில். அங்கே கேட்டு ஒரு தரவு வந்துசேர ஏறத்தாழ 80 நானோநொடி, அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் 80 பங்கு, ஆகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது 400 துடிப்புகள். துடிப்புக்கு மூன்று நான்கு ஆணைகளை முடிக்க வல்ல உள்ளகம் அந்த நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆணைகளை முடித்திருக்கலாம். கடிகாரத்தை இன்னும் விரைவாக்கினால் ரேம் விரைவாகிவிடாது. காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடும்.

இதற்குக் கண்ட பரிகாரமே கேஷ் எனப்படும் பதுக்கு நினைவகம், சுருக்கமாகப் பதுக்ககம். கல்யாணச் சமையலில் அடுப்பின் முன் நிற்பவர் உப்புக்கும் மிளகாய்ப் பொடிக்கும் ஒவ்வொரு தடவையும் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்புவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி, பக்கத்து மேசையில் நறுக்கிவைத்த காய், பின்கட்டில் மூட்டை மூட்டையாகச் சாமான் அடுக்கிய உக்கிராண அறை என்று அடுக்கடுக்காக ஏற்பாடு இருக்கும், எதிலும் கிடைக்காத பொருளுக்கு மட்டுமே கடைத்தெரு. செயலியிலும் அதே அடுக்குகள் உள்ளன. 5800எக்ஸின் ஒவ்வோர் உள்ளகத்தையும் ஒட்டி 32 கிலோபைட் முதல்நிலைத் தரவுப் பதுக்ககம், நான்கு துடிப்பில் தரவு தருவது, அதையடுத்து 512 கிலோபைட் இரண்டாம்நிலை, பன்னிரண்டு துடிப்பளவில் தருவது, பின்னர் எட்டு உள்ளகங்களுக்கும் பொதுவாக 32 மெகாபைட் மூன்றாம்நிலை, நாற்பத்தைந்து துடிப்புக்குச் சற்று மேல் எடுப்பது, அதற்கப்பால் ரேம். சிறியது விரைவானதாகவும் பெரியது மந்தமானதாகவும் இருப்பது வடிவமைப்பாளரின் விருப்பத்தால் அல்ல. பரப்பு பெரிதானால் மின்குறிகை கடக்க வேண்டிய தொலைவும் தேட வேண்டிய இடங்களும் பெருகுகின்றன. நிரல்கள் சற்று முன் தொட்ட தரவையும் அதன் அண்டையிலுள்ளதையும் மீண்டும் மீண்டும் தொடும் இயல்புடையவை என்பதால்தான் இந்தச் சிறு சேமிப்புகள் இவ்வளவு பயன் தருகின்றன.

இந்த அடுக்குகள் உண்மையில் இருப்பதையும் அவற்றின் அளவையும் தயாரிப்பாளரின் சொல்லை நம்பித்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. சிறிய பரப்பொன்றில் பரவிய தரவுகளை ஒழுங்கற்ற வரிசையில் மாறி மாறிப் படிக்கும் எளிய நிரலை எழுதி, ஒரு தடவை படிக்க ஆகும் சராசரி நேரத்தை அளந்து, பரப்பைப் படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டே போனால், வரைபடத்தில் நேரம் படிக்கட்டுப்போல ஏறுவதைக் காணலாம்: 5800எக்ஸில் 32 கிலோபைட்டைத் தாண்டும்போது ஒரு படி, 512 கிலோபைட்டில் ஒரு படி, 32 மெகாபைட்டை நெருங்கும்போது உயரமான மற்றொரு படி. 5800எக்ஸ்3டியில் இதே சோதனையைச் செய்தால் முதல் இரு படிகளும் இம்மியும் மாறாமல் அதே இடத்தில் இருக்க, மூன்றாவது மட்டும் 96 மெகாபைட்டுக்குத் தள்ளிப்போயிருக்கும். ஏனெனில் ஏஎம்டி செய்ததெல்லாம், 64 மெகாபைட் கொண்ட மெல்லிய சிலிக்கான் துண்டு ஒன்றைச் செயலியின் மேல் செங்குத்தாக ஒட்டி உக்கிராண அறையை மூன்று மடங்காக்கியதுதான். ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலையை ஒவ்வொரு கணமும் புரட்டிப் பார்க்கும் ஃபேக்டோரியோ போன்ற விளையாட்டுக்குக் கடைத்தெருப் பயணங்கள் பெருமளவு மிச்சமாயின. முப்பரிமாணப் படத்தைத் துண்டு துண்டாகக் கணிக்கும் நிரலுக்கோ, ஒரு நேரத்தில் வேண்டிய தரவு ஏற்கெனவே முன்னிரு அடுக்குகளுக்குள் பெரிதும் அடங்கிவிடுவதால், கூடுதல் இடம் வெறுமையாகக் கிடந்தது. எஞ்சியது குறைந்த கடிகார வேகம் மட்டுமே. அந்தக் குறைவுக்கும் காரணம் இந்த ஒட்டுதான்: மேலே கூடுதல் சிலிக்கான் அமர்ந்திருந்ததால் கீழுள்ள உள்ளகங்களின் வெப்பம் வெளியேறுவது கடினமாகி, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் பதுக்ககத் துண்டை உள்ளகங்களுக்கு அடியில் வைத்து இந்தச் சிக்கலை நீக்கினார்கள். உச்சக் கடிகாரமும் 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறிற்று.

அடுத்த எண் உள்ளகங்களின் எண்ணிக்கை. கடிகாரம் முட்டி நின்ற பிறகு கூடிக்கொண்டே போன டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்த வழியாக, முழுமையான கணிப்புப் பகுதிகளையே ஒரே சில்லில் இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருக்கினர். எட்டு உள்ளகம் எட்டு மடங்கு வேகம் தராது என்பதை ஜீன் ஆம்டால் 1967-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். நூறு நிமிடம் எடுக்கும் ஒரு வேலையில் இருபது நிமிடப் பகுதி, முன்னதன் விடை வந்தால்தான் பின்னதைத் தொடங்க முடியும் என்பதுபோல் பிரிக்கவே முடியாததாக இருக்கட்டும். எஞ்சிய எண்பது நிமிடத்தை நான்கு உள்ளகங்களுக்குப் பங்கிட்டால் மொத்தம் நாற்பது நிமிடம்; எட்டுக்குப் பங்கிட்டால் முப்பது; பதினாறுக்குப் பங்கிட்டால் இருபத்தைந்து; ஆயிரம் உள்ளகங்களை வாங்கிவைத்தாலும் இருபதுக்குக் கீழே இறங்காது. நான்கிலிருந்து எட்டுக்குப் போகையில் கிடைத்த பத்து நிமிடம், எட்டிலிருந்து பதினாறுக்குப் போகையில் ஐந்தாகச் சுருங்கிவிட்டதைக் கவனித்தால், விலையேறிய செயலிகளில் பணம் எங்கே கரைகிறது என்பது புலப்படும். காணொளியை வேறு வடிவுக்கு மாற்றுதல், பெரிய நிரல்களைத் தொகுத்தல், முப்பரிமாணப் படங்களை உருவாக்குதல் ஆகியவற்றில் பிரிக்க முடியாத பகுதி மிகக் குறைவு. அத்தகைய வேலை செய்வோருக்குப் பன்னிரண்டு, பதினாறு உள்ளகங்கள் வீணல்ல. இணையத்தில் உலாவுதல், கடிதம் தட்டெழுதுதல், கணக்குப் பட்டியல் போடுதல் போன்றவற்றிலோ ஓர் உள்ளகம் எவ்வளவு விரைவானது என்பதே பெரிதும் தெரியும்.

இன்டெல் 2021 நவம்பரில் வெளியிட்ட பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து உள்ளகங்களை எண்ணுவதே சற்றுக் குழப்பமான காரியமாகிவிட்டது. விரைவாக ஓடும் பெரிய உள்ளகங்களோடு, குறைந்த இடத்தையும் மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும் சிறிய உள்ளகங்களையும் ஒரே சில்லில் கலந்துவைத்ததால், கோர் ஐ9-12900கே செயலியின் பதினாறு என்பது எட்டும் எட்டும் சேர்ந்த பதினாறு. இதற்குமேல், ஓர் உள்ளகம் ஒரு நிரலின் தரவுக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு நிரலின் ஆணைகளைச் செய்யும் இழை ஏற்பாடும் உண்டு. பெரிய எட்டும் இரண்டிரண்டு இழைகளையும் சிறிய எட்டும் ஒவ்வோர் இழையையும் கொள்வதால் அதே செயலிக்கு இருபத்துநான்கு இழைகள் என்று பட்டியலில் இருக்கும். இரண்டாவது இழை இன்னோர் உள்ளகம் ஆகிவிடாது. வீணாகும் இடைவெளியை நிரப்புவதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது.

வெப்பத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ கணினி கட்டுவோருக்கு வெளிநாட்டுச் சோதனை முடிவுகள் அப்படியே பொருந்தாத இடம் இதுதான். செயலி செலவிடும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. கடிகாரத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால், உச்ச வேகத்தின் கடைசி ஐந்து பத்து விழுக்காட்டுக்குக் கொடுக்கும் மின்சாரம் அளவுக்கு மிஞ்சியது. கோர் ஐ9-13900கே செயலியின் அடிப்படை மின்திறன் 125 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கும். முழு வேகத்தில் அது 253 வாட் வரை போகும். 230 வாட் எடுக்கும் ரைசன் 9 7950எக்ஸை 88 வாட்டுக்குள் கட்டுப்படுத்தும் வசதி அதன் அமைப்பிலேயே உள்ளது. அப்படிச் செய்யும்போது மின்திறன் பாதிக்கும் கீழே போனாலும் வேலையின் வேகம் அந்த அளவுக்குக் குறைவதேயில்லை. செயலி தாங்கும் உச்ச வெப்பநிலை, தலைமுறைக்கேற்ப, 90-லிருந்து 100 பாகை செல்சியஸ். குளிர்விப்பான் செய்யக்கூடியது அறையின் வெப்பநிலைக்கும் சில்லின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுக்குள் வைப்பதுதான். 20 பாகை அறையில் 95 பாகையைத் தொட 75 பாகை இடைவெளி உண்டு, குளிர்சாதனம் இல்லாத சென்னை வீட்டின் மே மாதப் பகலில், அறை 38 பாகையாக இருந்தால், 57-தான் மிச்சம். அந்த எல்லையைத் தொட்டதும் செயலி எரிந்துபோகாது. தானாகவே கடிகாரத்தைக் குறைத்துக்கொள்ளும், அதாவது காசு கொடுத்து வாங்கிய கிகாஹெர்ட்ஸ் கோடைக்காலத்தில் கைக்கு வராது. மின்னழுத்தத்தை எல்லைக்கு நெருக்கிப் பிடிப்பதன் இன்னொரு முகமும் 2024-இல் தெரியவந்தது. பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் நாளடைவில் நிலையாகப் பழுதாவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்து, மைக்ரோகோடு எனப்படும் உள்நிரலுக்குத் திருத்தங்களை வெளியிட்டது. அந்தத் தலைமுறைகளை இன்று வாங்குவோர் மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸை இந்தத் திருத்தங்கள் அடங்கிய பதிப்புக்குப் புதுப்பித்த பிறகே கணினியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு காரணிகள் பின்னிக் கிடக்கையில் எது விரைவானது என்பதை எப்படி அறிவது? நெடுங்காலம் அறியாமலே இருந்தார்கள் என்பதே உண்மை. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1977-இல் வெளியிட்ட வாக்ஸ்-11/780 கணினி நொடிக்குப் பத்து லட்சம் ஆணைகளை நிறைவேற்றும் என்பதை உலகமே ஏற்று, மற்றக் கணினிகளை அளக்கும் கோலாகவே அதைப் பயன்படுத்தி வந்தது. 1984-இல் ஜோயல் எமரும் டக்ளஸ் கிளார்க்கும், ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணினியில் தனிக் கருவி ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் அது எதைச் செய்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது, ஓர் ஆணைக்குச் சராசரியாக 10.6 துடிப்புகள் செலவாவதும், உண்மை வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆணைகளே என்பதும் வெளியாயின. இன்றைய செயலிகளில் இத்தகைய எண்ணிகள் சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டுள்ளன. பதுக்ககத்தில் கிடைக்காமல் போன தரவுகள் எத்தனை, தவறிய ஊகங்கள் எத்தனை என்று அவற்றைக் கேட்டே அறியலாம்.

ஒப்பிடுவதற்கென்றே எழுதப்படும் பெஞ்ச்மார்க் நிரல்களின் வரலாறு ஏமாற்றுகளின் வரலாறும்கூட. 1984-இல் வந்த டிரைஸ்டோன் என்னும் சிறு நிரலின் விடையை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதைக் கண்டுகொண்ட, நிரலை எந்திர ஆணைகளாக மாற்றும் தொகுப்பி மென்பொருள்கள் அதன் கணக்குகளில் சிலவற்றைச் செய்யாமலே தாண்டிச் சென்று வேகமாக முடித்ததாகக் காட்டின. இதற்கு மாற்றாக 1988-இல் தொடங்கப்பட்ட ஸ்பெக் என்னும் கூட்டமைப்பு, சதுரங்கம் ஆடுவது, வானிலையைக் கணிப்பது, நிரலைத் தொகுப்பது போன்ற மெய்யான வேலைகளைச் செய்யும் நிரல்களையே அளவுகோலாக்கியது. அதன் 2017 தொகுப்பில் 43 சோதனைகள் உள்ளன. அங்கும் குறுக்குவழிகள் ஓயவில்லை: குறிப்பிட்ட ஒரு சோதனைக்கென்றே தொகுப்பியில் செய்யப்பட்டிருந்த சிறப்பு ஏற்பாட்டுக்காக 2024-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஸ்பெக் செல்லாதவையாகக் குறித்தது. விளையாட்டுச் சோதனைகளில் ஏமாற்று இல்லாவிடினும் எச்சரிக்கை தேவை. செயலிகளுக்கிடையிலான வேறுபாட்டை வெளிக்கொணர, சந்தையிலேயே வலுவான கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தி, திரையின் துல்லியத்தை 1920-க்கு 1080 என்று குறைத்துவைத்துத்தான் விமர்சகர்கள் அளக்கிறார்கள்; படம் வரையும் சுமை குறைந்தால்தான் செயலி தடையாக நிற்பது தெரியும் என்பதால் இந்த முறை சரியானதே. ஆனால் நடுத்தரக் கார்டும் நுண்மையான திரையும் வைத்திருக்கும் வீட்டில் தடையாக நிற்பது கார்டுதான் என்பதால், அந்த வரைபடத்தில் முப்பது விழுக்காடாகத் தெரிந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட, வாங்குபவர் நாளும் செய்யப்போகும் அதே வேலையின் சோதனை முடிவை மட்டும் தேடிப் படிப்பது மேல். கார்டுக்கு ஒதுக்க வேண்டிய பணத்தைச் செயலியில் கொட்டிவிட்டு விளையாட்டு திக்கித் திணறுகிறது என்று வருந்துவோர் பலர். படிப்புக்கும் அலுவலுக்கும் மட்டுமே கணினி தேவைப்படுவோருக்குக் கோர் ஐ5-12400 போன்ற ஆறு உள்ளகச் செயலியே தாராளம். மிஞ்சும் பணத்தை எஸ்எஸ்டி சேமிப்பகத்திலும் ரேமிலும் போட்டால் வித்தியாசம் கைமேல் தெரியும்.

பெயர்களைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். எட்டு உள்ளகங்களோடு வார்க்கப்படும் சில்லுகளில் ஒன்றிரண்டு உள்ளகங்கள் பழுதாகிவிட்டால் அவற்றை எறியாமல், இரண்டை அடைத்துவிட்டு ஆறு உள்ளகச் செயலியாக விற்பது தொழில் வழக்கம்; ரைசன் 5 5600எக்ஸ் அப்படிப் பிறந்ததே. இதில் குறையொன்றுமில்லை, எஞ்சிய ஆறும் முழுத் தரமுடையவை. குறை இருப்பது பெயர் மறைக்கும் இடங்களில். ரைசன் 7 5700எக்ஸ், ரைசன் 7 5700 இரண்டிலும் எட்டு உள்ளகங்கள், பதினாறு இழைகள், 4.6 கிகாஹெர்ட்ஸ் உச்சம். அடிப்படைக் கடிகாரம் எக்ஸ் இல்லாததில்தான் கூடுதல், 3.4-க்கு 3.7. ஆனால் முன்னதன் மூன்றாம்நிலைப் பதுக்ககம் 32 மெகாபைட், பின்னதோ மடிக்கணினிக்கென வடித்த சில்லிலிருந்து வந்ததால் 16 மெகாபைட்தான். விளையாட்டுகளில் அது நன்றாகவே பின்தங்கும். கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொன்னால் அவர் பட்டியலில் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை என்று பொருள்.

பெயரின் கடைசி எழுத்தும் அற்பமானதல்ல. இன்டெல் பெயர்களில் எஃப் என்று முடிந்தால் செயலிக்குள் கிராஃபிக்ஸ் பகுதி இல்லை. தனிக் கார்டு வாங்காதவர் அதைப் பொருத்தினால் திரையில் எதுவும் வராது. ரைசன் 5000 வரிசையில் கணக்கு மறுபுறமாக இருக்கும்: எண்ணுக்குப் பின் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் படம் காட்டும் பகுதி உண்டு. காணொளி தொகுப்போர் எஃப் வகையைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் காணொளியைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் தனிச் சுற்று அந்தக் கிராஃபிக்ஸ் பகுதிக்குள்தான் இருக்கிறது. கே என்பது கடிகாரத்தைப் பயனரே உயர்த்திக்கொள்ள விடும் வகை. உயர்த்தும் எண்ணமில்லாதவருக்கு அந்த எழுத்துக்கெனத் தனியே காசு கொடுக்க வேண்டியதில்லை.

செயலி அமரும் சாக்கெட் மதர்போர்டையும் ரேமையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் டிடிஆர்4 ரேம் மட்டுமே, 2022-இல் வந்த ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டுமே; இன்டெலின் எல்ஜிஏ1700-இல் மதர்போர்டைப் பொறுத்து இரண்டில் ஏதேனும் ஒன்று, பன்னிரண்டிலிருந்து பதினான்காம் தலைமுறை வரை அதே சாக்கெட், அதற்குப் பின் 2024-இல் வந்தவற்றுக்கு எல்ஜிஏ1851. சாக்கெட் பொருந்தினாலும், செயலி சந்தைக்கு வருமுன் தயாரான மதர்போர்டின் பயாஸ் அதை அடையாளம் காணாமல் போகலாம். கடையில் பல மாதம் கிடந்த போர்டுகளில் இது அடிக்கடி நேர்வது. செயலியின் துணையில்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் பின்புறம் இருக்கும். அது இல்லாத போர்டானால், பயாஸைப் புதுப்பித்துத் தரும்படி சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிய வேறெந்தக் கடையிலோ பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.